யுவிஎக்ஸ்ஒய் யூனிட்டும் அதன் ஆப்ஷனும்: 2020-ஆம் ஆண்டு வரிக் கணக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

டெக்சாஸில், டல்லாஸ் புறநகர் ஒன்றில் வசிக்கும் தம்பதியின் கணக்கு இது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். சேர்த்து ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் டாலர். வரிக் கணக்கில் இருவரும் அமெரிக்கவாசிகள், கூட்டாகப் படிவம் தாக்கல் செய்பவர்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் கூட்டாட்சி வரி மட்டுமே பிரச்சினை. ஆள் அடையாளம் தெரியாதிருக்கத் தொகைகளை மாற்றி வட்டமாக்கியிருக்கிறேன். கணக்கின் போக்கு மாறவில்லை.

கணவருக்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தை வைத்து வர்த்தகம் செய்வதில் ஆர்வம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ் அண்ட் பி 500 பங்குக் குறியீட்டின் ஆப்ஷன்களின் (குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்கள்) விலையிலிருந்து, அடுத்த 30 நாட்களில் சந்தை எவ்வளவு ஆடும் என்று முதலீட்டாளர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டுச் சொல்வது விக்ஸ் குறியீடு. 2020 ஜனவரியில் அது 12, 13 என்று படுத்துக் கிடந்தது. மார்ச் 16 அன்று 82.69-இல் முடிந்தது, நாள் இறுதி மதிப்பில் அதுவரை காணாத உச்சம். அந்த இரண்டு மாதங்களில் சரியான பக்கம் நின்ற சிலரில் இவரும் ஒருவர்.

விக்ஸ் என்பது வெறும் எண். அதை யாரும் வாங்கிப் பெட்டியில் வைக்க முடியாது. அதன் அசைவில் பணம் போட விரும்புகிறவர்கள் அதைத் தொட்டு உருவாக்கப்பட்ட ஏதாவதொன்றைத்தான் வாங்க வேண்டும். இவர் நான்கை வாங்கியிருந்தார்.

கணக்கில் இருந்தவை

முதலாவது, யுவிஎக்ஸ்ஒய் யூனிட்டுகள். புரோஷேர்ஸ் நிறுவனம் நடத்தும் இந்த நிதி விக்ஸ் ஃபியூச்சர்ஸை, அதாவது விக்ஸின் பிற்கால மதிப்பை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்களை, வைத்திருக்கிறது. அவற்றின் குறியீடு ஒரு நாளில் நகர்வதைப் போல ஒன்றரை மடங்கு நகர முயல்கிறது. 2018 பிப்ரவரிச் சரிவுக்கு முன் அது இரண்டு மடங்காக இருந்தது. தரகுச் செயலியில் இது மற்ற இடிஎஃப்களை (பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் நிதிகள்) போலவே தெரியும். வரிச் சட்டத்தின் பார்வையில் இது கூட்டாண்மை நிறுவனம். யூனிட் வாங்கியவர் அதில் ஒரு பங்காளி. ஜனவரி நடுவில் 9,400 டாலருக்கு வாங்கினார். மார்ச் இரண்டாம் வாரத்தில் 47,400 டாலருக்கு விற்றார்.

இரண்டாவது, விக்ஸ் குறியீட்டின் மீதான கால் ஆப்ஷன்கள், அதாவது விக்ஸ் ஏறினால் லாபம் தருபவை. பிப்ரவரியில் வாங்கி மார்ச்சில் விற்றதில் 21,000 டாலர் லாபம்.

மூன்றாவது, விஎக்ஸ்எக்ஸ். இதுவும் விக்ஸ் ஃபியூச்சர்ஸைத்தான் பின்தொடர்கிறது. ஆனால் இது நிதியே அல்ல. பார்க்லேஸ் வங்கி வெளியிட்ட கடன் பத்திரம், அதாவது இடிஎன். மார்ச் இறுதியில், உச்சிக்குப் பக்கத்தில் வாங்கி, ஏப்ரலில் விற்றதில் 5,000 டாலர் நஷ்டம்.

நான்காவது, யுவிஎக்ஸ்ஒய் யூனிட் மீதான புட் ஆப்ஷன்கள், அதாவது யூனிட் விலை இறங்கினால் லாபம் தருபவை. பயம் தணிந்தால் இந்த நிதி தேய்ந்துகொண்டே போகும் என்று கணித்து மே மாதத்திலிருந்து வாங்கினார். ஆண்டு முடிவதற்குள் மூடியவற்றில் 18,000 டாலர் லாபம். 7,000 டாலருக்கு வாங்கிய சில புட்கள் டிசம்பர் 31 அன்றும் கையில் இருந்தன. அன்றைய சந்தை மதிப்பு 13,000 டாலர்.

முதல் தாக்கல், 2021 பிப்ரவரி

ஆண்டின் விற்பனைகளைப் பட்டியலிடும், தரகு நிறுவனத்தின் 1099-பி அறிக்கை பிப்ரவரியில் வந்தது. அதை மென்பொருளில் ஏற்றி, காட்டிய தொகையை ஏற்று, அந்த வாரமே தாக்கல் செய்துவிட்டார். விக்ஸ் ஆப்ஷன்களைத் தரகர் வரிச் சட்டத்தின் 1256-ஆம் பிரிவுக்கு உரிய தனிக் கட்டத்தில் காட்டியிருந்ததால் மென்பொருள் அவற்றை அந்தப் பிரிவுக்கான படிவம் 6781-க்குச் சரியாக அனுப்பியிருந்தது. மற்ற மூன்றும் ஓராண்டுக்கு மேல் வைத்திராதவை என்பதால் குறுகிய கால லாப நஷ்டமாகப் போயின.

1256-ஆம் பிரிவு இந்தக் கணக்கின் அச்சாணி என்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஃபியூச்சர்ஸ், பரந்த குறியீடுகளின் ஆப்ஷன்கள் போன்றவை இதில் வரும். எவ்வளவு நாள் வைத்திருந்தாலும் லாபத்தில் 60 சதவீதம் நீண்ட கால ஆதாயம், 40 சதவீதம் குறுகிய கால ஆதாயம். அதற்கு ஈடாக ஒரு நிபந்தனை உண்டு: டிசம்பர் 31 அன்று கையில் இருப்பதை அன்றே விற்றதாகப் பாவித்து, வராத லாபத்துக்கும் வரி கட்ட வேண்டும். இந்தத் தம்பதிக்குக் குறுகிய கால ஆதாயத்துக்கு 24 சதவீதம், நீண்ட கால ஆதாயத்துக்கு 15 சதவீதம். 60-40 கலவையில் 18.6 சதவீதம் விழும்.

முதல் தாக்கலின்படி குறுகிய கால ஆதாயம் 59,400, நீண்ட கால ஆதாயம் 12,600, மொத்தம் 72,000 டாலர். இதற்கான வரி 16,146. மொத்த வருமானம் 2,50,000 டாலரைத் தாண்டியதால் நிகர முதலீட்டு வருமான வரியாக 3.8 சதவீத வீதத்தில் 836 டாலரும் சேர்ந்தது.

மார்ச்சில் வந்த கே-1

மார்ச் மாதம் நிதியிடமிருந்து கே-1 படிவம் வந்தது. கூட்டாண்மை நிறுவனங்கள் லாபத்தைத் தம் கையில் வைத்து வரி கட்டுவதில்லை. ஆண்டு லாபத்தைப் பங்காளிகளின் பெயரில் பிரித்துக் காட்டி, ஒரு பிரதியை அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் அனுப்புகின்றன. 11-ஆம் கட்டத்தில் சி என்ற குறியீட்டுடன் 52,000 டாலர் என்றிருந்தது. 1256-ஆம் பிரிவு ஒப்பந்தங்களின் லாபம்.

இந்தக் கட்டத்தில்தான் அவர் என்னிடம் வந்தார். விற்றதில் கிடைத்ததே 38,000 டாலர், 52,000 எங்கிருந்து வந்தது, இரண்டுக்கும் வரியா என்பது அவர் கேள்வி. மென்பொருளில் கே-1-ஐ அப்படியே ஏற்றிப் பார்த்திருக்கிறார். 38,000 லாபம் பார்த்தவருக்கு அது 90,000 என்று கணக்குக் காட்டியது. கலங்காமல் இருந்தால்தான் வியப்பு.

52,000-க்குக் காரணம், லாபத்தைப் பிரிக்கும் முறை. இந்த நிதி அதை நாள்தோறும் பிரிப்பதில்லை. முந்தைய மாதத்தின் கடைசி வர்த்தக நாளன்று யூனிட் யாரிடம் இருந்ததோ, அடுத்த மாத லாபம் அவர் பெயரில் போகிறது. பிப்ரவரி கடைசி நாளன்று யூனிட் இவரிடம் இருந்தது. ஆகவே மார்ச் இரண்டாம் வாரமே விற்றுவிட்டாலும் மார்ச் முழுவதற்குமான லாபம் இவர் தலையில் விழுந்தது. அந்த மாதம் எத்தகையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இரட்டை வரியைத் தடுப்பது அடக்க விலை, அதாவது வரிக் கணக்கில் வாங்கிய விலையாகக் கொள்ளும் தொகை. கே-1 வழியாக ஒரு பங்காளியின் கணக்கில் சேர்ந்த லாபம் அவருடைய அடக்க விலையோடு கூடும், நஷ்டம் கழியும். 9,400-உடன் 52,000 சேர்த்தால் திருத்திய அடக்க விலை 61,400. விற்ற தொகை 47,400. ஆக யூனிட் விற்பனையில் 14,000 டாலர் குறுகிய கால நஷ்டம். கே-1 லாபம் 52,000-இல் இந்த 14,000-ஐக் கழித்தால் அவர் உண்மையில் பார்த்த 38,000 வந்துவிடுகிறது.

தொகை மாறவில்லை என்றாலும் அதன் தன்மை மாறியது. 52,000-இல் 31,200 நீண்ட காலம், 20,800 குறுகிய காலம். 14,000 நஷ்டம் முழுவதும் குறுகிய காலத்தில் கழிகிறது. இரண்டு மாதம்கூட முழுதாக வைத்திராத ஒரு முதலீட்டின் லாபத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீண்ட கால ஆதாயமாகிவிட்டது. இது யாரும் திட்டமிட்டுச் செய்த தந்திரம் அல்ல. மாதப் பிரிப்பு முறை அவருக்குச் சாதகமாக அமைந்தது, அவ்வளவே. அடுத்தவருக்கு இதுவே எதிராகவும் அமையலாம்.

தரகரின் 1099-பி-யில் 9,400 என்ற முதல் விலைதான் இருந்தது, இருக்கவும் முடியும். கே-1-இல் என்ன வரப்போகிறது என்று தரகருக்குப் பிப்ரவரியில் தெரியாது. கே-1 உறைக்குள் விற்பனை அட்டவணை என்று ஒரு தாள் இருக்கும். அடக்க விலையில் செய்ய வேண்டிய திருத்தத்தைக் காட்டும் பத்தி அதில்தான் உண்டு. பெரும்பாலோர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தத் தாளைப் புரட்டுவதே இல்லை.

கே-1-இல் சிறிது வட்டியும் நிதியின் நிர்வாகச் செலவும் இருந்தன. சில்லறைத் தொகை என்பதால் இங்கே விட்டுவிட்டேன். ஆனால் அந்தச் செலவைத் தனிநபர் முதலீட்டாளர் வரியில் கழிக்க முடியாது. 2018 முதல் அந்தக் கழிவு நிறுத்தப்பட்டுவிட்டது.

விஎக்ஸ்எக்ஸுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. கடன் பத்திரம் என்பதால் கே-1 கிடையாது, 60-40 கிடையாது. விற்றபோது நஷ்டம், வைத்திருந்த காலப்படி குறுகிய காலம். நஷ்டத்தைக் கழிக்கத் தடையாகும்படி முப்பது நாட்களுக்குள் திரும்ப வாங்கவும் இல்லை. ஒரே ஃபியூச்சர்ஸைத் தொடரும் இரண்டு பொருட்கள், சட்ட வடிவம் வேறு என்பதால் வரியும் வேறு.

ஆப்ஷன் எந்தப் பிரிவில் சேரும்?

கே-1 விஷயத்தில் முடிவெடுக்க எதுவும் இல்லை. திருத்தியே ஆக வேண்டும். யோசிக்க வேண்டியிருந்தது யுவிஎக்ஸ்ஒய் புட்களைப் பற்றித்தான். தரகர் அவற்றைப் பங்கு ஆப்ஷன்களாகக் காட்டியிருந்தார். அது சரியா?

சட்டம் சொல்வது இது. அங்கீகரிக்கப்பட்ட சந்தையில் பட்டியலிடப்பட்டு, பங்கு சார்ந்ததாக இல்லாத ஆப்ஷன் 1256-இல் வரும். பங்கு சார்ந்த ஆப்ஷன் என்றால், பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தருவது, அல்லது ஒரு பங்கையோ, சில பங்குகளை மட்டும் கொண்ட குறுகிய குறியீட்டையோ சார்ந்து மதிப்புப் பெறுவது. யுவிஎக்ஸ்ஒய் யூனிட் நிறுவனப் பங்கு அல்ல, கூட்டாண்மை உரிமை. அதன் மதிப்பு விக்ஸ் ஃபியூச்சர்ஸிலிருந்து வருகிறது. விக்ஸோ எஸ் அண்ட் பி 500 என்ற பரந்த குறியீட்டிலிருந்து வருகிறது. சொல்லுக்குச் சொல் படித்தால் இந்தப் புட்கள் 1256-இல்தான் சேரும்.

சட்டம் பழையது. ஃபியூச்சர்ஸுக்காக 1981-இல் வந்த இந்தப் பிரிவில் 1984-இல் ஆப்ஷன்கள் சேர்க்கப்பட்டன. அமெரிக்காவின் முதல் இடிஎஃப் 1993-இல் வந்தது. விக்ஸ் ஃபியூச்சர்ஸ் 2004-இல், விக்ஸ் ஆப்ஷன்கள் 2006-இல், யுவிஎக்ஸ்ஒய் 2011-இல். இப்படியொரு பொருள் வரும் என்று எண்ணி எழுதாத வரிகளை இதன் மீது பொருத்திப் பார்க்கிறோம். ஐஆர்எஸ் இதைக் குறிப்பாகச் சொல்லி விளக்கம் எதுவும் தரவில்லை. சில தரகர்கள் 1256 என்று காட்டுகிறார்கள், சிலர் பங்கு ஆப்ஷன் என்று காட்டுகிறார்கள். தரகரின் தேர்வு வரி செலுத்துபவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் அதற்கு மாறாகக் கணக்குக் காட்டினால், ஏன் என்று சொல்லும் பொறுப்பு அவருடையது.

வேறொன்றையும் முதலில் பார்த்தோம். எதிரெதிர் நிலைகளை ஒரே நேரத்தில் வைத்திருந்தால் நஷ்டத்தைத் தள்ளிப்போடும் விதி ஒன்று உண்டு. யூனிட்டுகளும் விஎக்ஸ்எக்ஸும் ஏப்ரலுக்குள் போய்விட்டன. புட்கள் மே மாதம்தான் வந்தன. இவருக்கு அந்த விதி பொருந்தவில்லை.

அடுத்தது பண விஷயம். இதில்தான் அவருடைய எதிர்பார்ப்புக்கு அடி விழுந்தது. 1256 என்றாலே வரி குறையும் என்று அவர் நினைத்திருந்தார். மூடிய புட்களின் 18,000-இல் 972 டாலர் மிச்சம் என்பது உண்மை. ஆனால் டிசம்பர் 31 அன்று கையில் இருந்தவற்றின் 6,000 டாலர் ஏட்டு லாபமும் 2020-க்கே வந்துவிடும். அதற்கு 1,116, நிகர முதலீட்டு வரியில் மேலும் 228. கூட்டிக் கழித்தால் 2020-இல் 372 டாலர் அதிகம் கட்ட வேண்டும்.

அதைவிடக் கசப்பானது ஒன்று இருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்தது 2021 ஏப்ரலில். கேம்ஸ்டாப் பங்கு தலைப்புச் செய்தியாக இருந்த ஜனவரி 27 அன்று விக்ஸ் ஒரே நாளில் 23.02-இலிருந்து 37.21-க்குத் தாவியது. அந்தப் பதற்றத்தில் புட்களை 6,000 டாலருக்கு விற்றிருந்தார். அதாவது 2020-இல் வரி கட்டப்போகும் அந்த ஏட்டு லாபம் ஏற்கெனவே ஆவியாகியிருந்தது. வாங்கிய விலையில் ஆயிரம் டாலர் கைநஷ்டம். இல்லாத பணத்துக்கு வரியா என்று கேட்டார். 2020 கணக்கு 2020 டிசம்பர் 31-உடன் முடிகிறது என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

எடுத்த முடிவு

மூன்று வழிகள் இருந்தன. தரகர் காட்டியபடி விட்டுவிடுவது. எல்லாப் புட்களையும் 1256-இல் காட்டுவது. மூடியவற்றுக்கு 60-40 எடுத்துக்கொண்டு, கையில் இருந்தவற்றை விட்டுவிடுவது. மூன்றாவதை அவர்தான் கேட்டார். அதை வழியென்றே சொல்ல முடியாது. ஒரே பொருளுக்கு லாபம் வரும் இடத்தில் ஒரு சட்டம், வராத இடத்தில் இன்னொரு சட்டம் என்று படிவத்தில் கையெழுத்துப் போட முடியாது.

முதல் இரண்டையும் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பார்த்தோம். 1256 வழியில் டிசம்பர் 31 மதிப்பான 13,000 புதிய அடக்க விலையாகிறது. 6,000-க்கு விற்றதால் 2021-இல் 7,000 டாலர் நஷ்டம். 2021-இல் அவர் வேறெதுவும் விற்கவில்லை என்று வைத்துக்கொண்டால், 3,000 சம்பள வருமானத்தில் கழியும். மீதி 4,000-ஐ, 1256 நஷ்டத்துக்கு மட்டும் உள்ள சலுகைப்படி, முந்தைய மூன்று ஆண்டுகளின் 1256 லாபத்தின் மேல் பின்னோக்கிக் கொண்டுபோகலாம். முதலாவதில் 720, இரண்டாவதில் நிகர முதலீட்டு வரியில் குறையும் 152-ஐயும் சேர்த்து 896 டாலர் மிச்சம். பங்கு ஆப்ஷன் வழியில் 2021-இல் கிடைப்பது ஆயிரம் டாலர் நஷ்டத்துக்கு 240 மட்டும். இரண்டு ஆண்டும் சேர்த்து 1256 வழியில் 1,004 டாலர் லாபம்.

1,004 டாலருக்காகத் தரகரின் அறிக்கைக்கு மாறாக நிற்க வேண்டுமா? தொகையை மட்டும் பார்த்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். 1256-ஐப் பரிந்துரைத்ததற்குக் காரணம் வேறு: சட்டத்தின் சொற்களுக்கு அதுவே நெருக்கமான வாசிப்பு என்பது என் கருத்து, அவர் இதே புட்களைத் தொடர்ந்து வாங்கும் எண்ணத்திலும் இருந்தார். ஒருமுறை எடுத்த நிலையில் ஆண்டுதோறும், நஷ்ட ஆண்டிலும், நிற்க வேண்டும் என்பதை எழுதியே கொடுத்தேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். மனைவிக்கு இதில் விருப்பமில்லை. ஐஆர்எஸ் கவனத்தை வலிய இழுப்பானேன் என்றார். கூட்டுப் படிவத்தில் அவர் கையெழுத்தும் வேண்டும் என்பதால் கணக்கை அவருக்குத் தனியாக ஒருமுறை விளக்கினேன்.

தரகர் காட்டிய புட்களை, விற்பனைகளைப் பட்டியலிடும் படிவம் 8949-இல் தொகையோடு காட்டி, அங்கே சுழியாக்கி, படிவம் 6781-க்கு மாற்றினோம். எடுத்த நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லும் படிவம் 8275-ஐயும் இணைத்தோம். நியாயமான அடிப்படை உள்ள நிலைப்பாட்டை இப்படி அறிவித்துவிட்டால், பின்னாளில் அது ஏற்கப்படாமல் போனாலும் கூடுதல் வரியும் வட்டியும் வருமே தவிர, அபராதத்துக்குப் பாதுகாப்பு உண்டு.

அந்த ஆண்டு பிப்ரவரிப் பனிப்புயல் காரணமாக டெக்சாஸ்வாசிகளுக்குத் தாக்கல் கெடு ஜூன் 15 வரை நீண்டிருந்தது. கெடுவுக்குள் திருத்தித் தாக்கல் செய்தால் அது முதல் படிவத்தின் இடத்தையே பிடித்துவிடும். மே மாதம் அனுப்பினோம்.

பின் நடந்தவை

திருத்திய கணக்கில் மொத்த ஆதாயம் 78,000. அதில் நீண்ட காலம் 58,200, குறுகிய காலம் 19,800. வரி 13,482, நிகர முதலீட்டு வரி 1,064, ஆக 14,546 டாலர். முதலில் கட்டியது 16,982. திரும்ப வர வேண்டியது 2,436 டாலர். குறைந்ததற்குக் காரணம் முழுக்க முழுக்க கே-1 திருத்தம். ஆப்ஷன் நிலைப்பாடு அந்த ஆண்டுக்கு வரியைக் கூட்டத்தான் செய்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஐஆர்எஸ்ஸில் தாள்கள் மலைபோல் தேங்கியிருந்ததால் பணம் 2022 தொடக்கத்தில்தான் வந்தது, வட்டியோடு.

2021-இல் சொன்னபடியே வேறு விற்பனை இல்லை. அந்த ஆண்டின் படிவம் 6781-இல் நஷ்டத்தைப் பின்னோக்கிக் கொண்டுபோகும் தேர்வுக்கான கட்டத்தைக் குறித்து, 2020-க்கு மீண்டும் ஒரு திருத்தம் அனுப்பி 4,000 டாலர் நஷ்டத்தைப் பயன்படுத்திக்கொண்டோம். அந்தக் கட்டத்தைக் குறிக்காமல் விட்டிருந்தால் நஷ்டம் வழக்கம்போல் முன்னோக்கியே போயிருக்கும்.

இனி மாறுவது

அவர் யுவிஎக்ஸ்ஒய் யூனிட் வாங்குவதை நிறுத்திவிட்டார். அதே கணிப்பை விக்ஸ் ஆப்ஷன்களில் செய்கிறார். அவற்றின் 60-40 தகுதியில் தகராறு இல்லை, கே-1 இல்லை, தரகரின் அறிக்கையே போதும். ஏட்டு லாபத்துக்கு வரி என்பது அங்கேயும் உண்டு. அதற்காக டிசம்பர் கடைசி வாரத்தில் கையிருப்பைக் குறைத்துக்கொள்கிறார்.

நான் என் பக்கத்தில் செய்வது, இத்தகைய நிதி கணக்கில் இருக்கிறதா என்று ஜனவரியிலேயே கேட்டுவிடுவது. இருந்தால் கே-1 வரும்வரை படிவத்தைத் தொடுவதில்லை. பணம் திரும்ப வரும் அவசரத்தில் இருப்பவர்கள் இதற்குச் சலித்துக்கொள்கிறார்கள்.

இந்தியாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ, அமெரிக்க வரிவாசி அல்லாதவராக இந்த யூனிட்டுகளை வாங்குகிறவர்களுக்கு இந்த நிகழ்வில் வராத இன்னொரு விதி 2023 ஜனவரி முதல் வந்திருக்கிறது. சந்தையில் வர்த்தகமாகும் கூட்டாண்மை யூனிட்டை அவர்கள் விற்றால், நிதி விலக்கு அறிவிப்பு வெளியிட்டிருந்தாலொழிய, விற்ற மொத்தத் தொகையில் 10 சதவீதத்தைத் தரகர் பிடித்தம் செய்வார். லாபத்தில் அல்ல, மொத்தத் தொகையில், நஷ்டத்தில் விற்றாலும்.

2020 கணக்கை ஐஆர்எஸ் திரும்பப் புரட்டிக் கூடுதல் வரி விதிக்க வழக்கமாக உள்ள மூன்று ஆண்டுக் காலம் 2024 கோடைக்குள் முடிந்துவிட்டது. படிவம் 8275 பற்றிக் கேட்டு எந்தக் கடிதமும் வரவில்லை. கடிதம் வராததால் அந்த வாசிப்பை ஐஆர்எஸ் ஏற்றுக்கொண்டது என்று பொருளாகாது. யாரும் படிக்காமலும் இருந்திருக்கலாம். யுவிஎக்ஸ்ஒய் புட்கள் வைத்திருக்கும் அடுத்தவர் வந்தால் அதே படிவத்தை மீண்டும் இணைப்பேன்.